மங்கை ஆன்லைனில் இருக்கிறாள்

பிப்ரவரி 2, வெள்ளி

இந்த டைரி மதுரையில் சும்மா கொடுத்தது. ஜனவரி ஆறாம் தேதி, சிறுதொழில் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்ள ஓர் ஓட்டலில் கூட்டம் வைத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பேனா, ஒரு டைரி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை. "எனக்குப் பேசத்தான் தெரியும், நீங்க எழுதுங்க" என்று மங்கை இதை என் பையில் திணித்தாள். ஒரு மாதமாக ஒரு எழுத்து எழுதவில்லை.

மங்கை என் மனைவி. முழுப்பெயர் மங்கையர்க்கரசி. பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் காலையில் காபித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், அடுப்படியிலேயே உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தொன்பது வயது. எழுதிவிட்டேன். இந்த வரியை இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பியாயிற்று. மகள் நிறைமதியும் நேற்று பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டாள். இப்போது இந்தத் திண்டுக்கல் வீட்டில் நானும், பின்பக்க ஷெட்டில் பெட்டி வெட்டும் மிஷினும்தான்.

எங்கள் தொழில் அட்டைப்பெட்டி. ஸ்வீட் ஸ்டாலுக்கும் பேக்கரிக்கும் அடித்துக் கொடுக்கிறோம். நான் வெட்டுவேன், பாண்டியம்மா ஒட்டுவாள், மங்கை பேசுவாள். பேசுகிறவள் இல்லாமல் வெட்டுகிறவனுக்கு என்ன வேலை? புதிதாக யாரையாவது பிடிக்காவிட்டால் சித்திரையில் ஷெட்டைப் பூட்டவேண்டியதுதான். பாண்டியம்மா வாயைத் திறந்து கேட்கவில்லை. தினமும் வந்து, ஒட்ட ஒன்றும் இல்லாததால் பசைச் சட்டியைக் கழுவிவிட்டுப் போகிறாள்.

மதுரையில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள் மங்கையின் கைப்பையில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஆள் அடையாளம் எழுதி வைத்திருக்கிறாள். 'பெரிய மீசை. மகள் நீட் படிக்கிறாள், விசாரிக்கணும்.' 'சிரிக்க மாட்டார், ஆனால் நல்லவர்.' மேடையில் ஒரு கோட்டுக்காரர் சொன்னார்: "சந்திச்சவங்களை ரெண்டு நாளுக்குள்ள கூப்பிட்டுடணும். இல்லேன்னா உங்களை மறந்துடுவாங்க." அந்த ரெண்டு நாளெல்லாம் எப்போதோ போயாயிற்று. நாளைக்குக் கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 3, சனி

மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், "லோன் எதுவும் வேணாங்க" என்று வைத்துவிட்டார். மூன்றாவது வத்தலக்குண்டு பேக்கரி முதலாளி, பெரிய மீசைக்காரர்.

"யாருங்க?"

"நாந்தாங்க... பெட்டி..."

"எந்தப் பெட்டி?"

"மதுரை மீட்டிங்ல... திண்டுக்கல்... அட்டைப்பெட்டி..."

"ஓ, மங்கை மேடமா! ஆமா, மேடம் பேசறப்ப பின்னாடி ஒருத்தர் பெட்டியத் தூக்கிக் காட்டிக்கிட்டு நின்னாரே?"

"நாந்தாங்க அது."

"அப்படியா. நல்லதுங்க. மேடத்தை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்."

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியாம் சரி.

அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பேச ஒரு நிமிடம் கொடுத்தார்கள். முடிந்ததும் மணி அடிப்பார்கள். எல்லோரும் பாதியில் மணி வாங்கினார்கள். மங்கை மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கூட்டத்தைச் சிரிக்கவைத்து, மணிக்காரரைத் திரும்பிப் பார்த்து, "இப்ப அடிச்சுக்கங்க சார்" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை அவளிடம் சொன்னேனா? ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

பாண்டியம்மா இட்லி கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று ஒரு காரியம் நடந்தது. என் போன் சார்ஜில் கிடந்தது, மங்கையின் போன்தான் பக்கத்தில் இருந்தது. அதற்கும் நான்தான் தினம் சார்ஜ் போடுகிறேன். அதிலிருந்து மீசைக்காரருக்கு ஒரு வாட்ஸப் போட்டேன். அவள் எப்படி எழுதுவாளோ அப்படியே: 'வணக்கங்க, நல்லாருக்கீங்களா? பாப்பா நீட்டுக்கு எப்படிப் படிக்குது?' கடைசியில் ஒரு ரோஜாப்பூ. அவள் யாருக்கு எழுதினாலும் அந்த ரோஜாப்பூ உண்டு, கேஸ் ஏஜென்சிக்குக்கூட.

கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'மேடம்! உங்க மெசேஜுக்குத்தான் காத்திருந்தேன்.' ஒரு கிலோ, அரைக்கிலோ கேக் பெட்டிக்கு மாதிரி கேட்டிருக்கிறார்.

தொழிலுக்காகத்தான் செய்தேன். நான் எழுதினால் எவன் பதில் போடுகிறான்?

பிப்ரவரி 7, புதன்

மங்கை ஆறு பேரிடம் பேசிவிட்டாள். நான் பேசினேன் என்று எழுதவேண்டும். மணப்பாறை முறுக்குக்காரர் பெட்டிக்கு அளவு அனுப்பினார். அந்தச் சிரிக்காத மனுஷன் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினார். ஒரு அம்மா, 'உங்ககூட பேசினாலே தெம்பா இருக்கு மேடம்' என்று எழுதியிருந்தாள். 'எனக்கும்தாங்க' என்று பதில் போட்டேன்.

மிஷின் ஓடியது. பாண்டியம்மா பசை காய்ச்சினாள். "அண்ணே, ஆர்டர் வந்துருச்சா? நீங்களா பேசுனீங்க?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

ராத்திரிச் சமையலுக்கு உப்புமா கிண்டினேன். வாயில் வைக்க முடியவில்லை. பரவாயில்லை, நாள் நன்றாகத்தான் போனது.

பிப்ரவரி 8, வியாழன்

நிறைமதி போன் செய்தாள். ஹலோ சொல்வதற்குள் அழுகை.

"அப்பா, அம்மா ஆன்லைன்ல இருக்காங்கப்பா."

மங்கையின் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் சும்மா அம்மா போட்டோவைப் பாக்கலாம்னு திறந்தேன். ஆன்லைன்னு காட்டுது. டைப்பிங்னு காட்டுச்சுன்னா என்ன பண்றதுன்னு அப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்ப்பா. ஆபீஸ்ல எல்லாரும் என்னையவே பாக்கறாங்க."

"நாந்தாம்மா. கடை ஆளுங்க நம்பர் தேடினேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "அந்த நம்பரை நிறுத்திடலாம்ப்பா. எனக்குத் தாங்கல" என்றாள். சரி என்றேன். எல்லோரிடமும் சரி என்கிறேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மங்கையின் போனைத் தொடவில்லை. என் போனிலிருந்து அதற்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன். சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பிப்ரவரி 10, சனி

தொட்டுவிட்டேன். முறுக்குக்காரர் காத்திருப்பார் அல்லவா? திறந்தபோது நேற்று நான் அனுப்பியதும் கூடவே திறந்துகொண்டது. 'மிளகாய்ப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது?' என்று கேட்டிருக்கிறேன். படித்தாயிற்று என்று என் போனில் டிக் இரண்டும் நீலமாக மாறின. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் இன்னொரு செய்தி வந்தது. தூத்துக்குடி ஜெசிந்தா. கார்டின் பின்னால் மங்கை எழுதியிருப்பது: 'மக்ரூன் போடுகிறாள். உடையாத பெட்டி வேணும், சன்னல் வைத்து. தங்கச்சி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கோயில், கூப்பிடக்கூடாது.'

'அக்கா நல்லாருக்கியளா? பொங்கல், கல்யாண ஆர்டர்னு பேசவே முடியல. நெஞ்சு வலிக்குன்னு சொன்னியளே, டாக்டர்ட்ட போனியளா?'

மூன்று தடவை படித்தேன். நெஞ்சு வலிக்கிறது என்று மங்கை சொல்லியிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்துக் கிடந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமாக வந்தது. யாரிடம் போய்க் கோபப்படுவது?

பதில் போட்டேன். 'போனேங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார். வாய்வுதானாம்.' ஒரு ரோஜாப்பூ.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், எழுதும்போது அது நடந்தது போலவே இருந்தது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், டாக்டர் சிரிக்கிறார், வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் அவள் கரும்புச்சாறு கேட்கிறாள். அந்தப் பொய்யில் அரை நிமிடம் இருந்துவிட்டு வந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 12, திங்கள்

நஷ்டம் யாருக்கு என்று தெரிந்துவிட்டது.

காலையில் ஜெசிந்தாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். ஒரே மூச்சாகப் பேசினாள், நடுவில் மூச்சு வாங்கியது. "அக்கா, உங்க மெசேஜப் பாத்த பொறவுதான் எனக்கு உசிரே வந்துச்சு. அன்னைக்கி மதுரைல லிப்டு வேல செய்யாம நம்ம ரெண்டு பேரும் மாடிப்படில பாதில நின்னுட்டோம்லா? எனக்கும் உங்கள மாதிரியே நெஞ்சு அடைக்கி, எடது கை கனக்குன்னு சொன்னம்லா? நீங்க மொதல்ல போயி காட்டிட்டுச் சொல்லுங்க, நீங்க போனா நானும் போறேன்னு பேசி வச்சோமே. இப்ப எனக்கும் வாய்வுதாங்க்கா. நாளைக்கி டாக்டரப் பாக்க டோக்கன் போட்டிருந்தேன், வேண்டாம்னுட்டேன். தவக்காலத்துல கல்யாணம் கெடையாது, அது வாரதுக்குள்ள ஆர்டர முடிக்கணும். ஓமத்தண்ணி குடிச்சிக்கிடுதேன்."

மிஷினை நிறுத்தினேன். பாண்டியம்மா என்னண்ணே என்றாள், ஒன்றுமில்லை என்றேன்.

'உடனே டாக்டரைப் பாருங்க, நாளைக்கே போங்க' என்று எழுதினேன், மங்கையாகத்தான். பதில்: 'நீங்கதான் ஒண்ணுமில்லன்னு நிம்மதியக் குடுத்துட்டியளே. ஆர்டர் முடியட்டும்க்கா.' மறுபடி எழுதினேன். சிரிக்கிற பொம்மை வந்தது.

பிறகு போனே அடித்தது. ஜெசிந்தா. எடுத்தால் என் குரல். எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், நின்றது. 'தொண்டை கட்டியிருக்கு' என்று எழுதினேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று.

'மங்கை இறந்துவிட்டாள்' என்று எழுதினால் முடிந்தது கதை. இரண்டே வார்த்தை. நாலு தடவை எழுதி அழித்தேன். இதை அனுப்பிவிட்டால் இந்த நம்பரில் அவள் இல்லை. வீட்டில் இல்லை, ஷெட்டில் இல்லை, மிச்சம் இருந்த இந்த ஒரு இடத்திலும் இல்லை. அதோடு, செத்தவள் நம்பரிலிருந்து செத்துவிட்டேன் என்று செய்தி வந்தால் யார் நம்புவார்கள்? நெஞ்சில் கோளாறு உள்ளவளுக்கு அதை அனுப்பலாமா?

நேரில் போகிறேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை.

விடியற்காலையில் கிளம்பினேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால், ராத்திரி கண்ணாடித்தாள் சன்னல் வைத்த பெட்டி ஐம்பது வெட்டி மடக்காமல் கட்டி எடுத்துக்கொண்டேன். கார்டில் இருந்த விலாசப்படி, தூத்துக்குடியில் அவள் வீடு ஒரு சந்துக்குள். முன் அறையில் ஓவன், தெருவரைக்கும் முந்திரி வாசனை. உள்ளேயிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பெட்டியத் தூக்கிட்டு நின்ன அண்ணன்லா! வாங்க, வாங்க. அக்கா எங்க? ஆட்டோல இருக்காவளா?"

"அவ இல்லம்மா."

"வரலியா? ஏன், தொண்ட இன்னும் சரியாவலியா?"

"வரலன்னு சொல்லல. இல்லன்னு சொல்றேன். பொங்கலுக்கு முன்னாடியே போயிட்டா. நெஞ்சு வலிதான்."

அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "என்ன பேசுதிய? நேத்துகூட எனக்கு மெசேஜ் போட்டாவளே?"

"நாந்தாம்மா போட்டேன்."

"வாய்வுன்னு டாக்டர் சொன்னது?"

"டாக்டர்ட்ட அவ போகவே இல்ல."

கையிலிருந்த தட்டு சரிந்தது. மக்ரூன் தரையெல்லாம் உடைந்து சிதறியது. சத்தம் கேட்டு அவள் புருஷன் மிக்கேல் உள்ளிருந்து ஓடிவந்தார். ஜெசிந்தா படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்தினாள். "செத்தவ பேர்ல எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுத உமக்கு எப்படிய்யா மனசு வந்துச்சி? எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு!"

அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தேன். "அவ போயிருக்கணும், ஒண்ணுமில்லன்னு வந்திருக்கணும்னு ஆசைம்மா. அதத்தான் எழுதிட்டேன். நீங்களும் இப்படின்னு எனக்குத் தெரியாது. அடிக்கணும்னா அடிங்க. ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அடிக்கவில்லை. அழுதாள். எனக்காக அழவில்லை, மங்கைக்காக. ஒரே ஒரு நாள் பழகியவள், கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தது போல அழுதாள். அழுகைக்கு நடுவில், அந்த மாடிப்படியில் மங்கை சொன்னதைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர்ட்ட சொல்லலியாக்கான்னு கேட்டேன். அவர்ட்ட சொன்னா அன்னைக்கே மிஷின நிறுத்திட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துருவாரு, பொங்கல் ஆர்டர் முடியட்டும்னு சொன்னாவ. பொறவு, சீக்கிரம் ஏறுவோம், அவரு மேல எனக்கு எடம் புடிச்சி வச்சிருப்பாரு, காணலன்னா தட்டத் தொடமாட்டாருன்னு சொல்லிச் சிரிச்சாவ."

ஆமாம். லிப்ட் ஓடவில்லை என்றதும் சாப்பாட்டு வரிசையில் இடம் பிடிக்க நான் முதலில் மேலே ஓடிவிட்டேன். அவள் வந்தபோது, "எவ்வளவு நேரம்? பொரியல் தீர்ந்துபோச்சு" என்றேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், இரண்டு பெண்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருப்பேன்.

மிக்கேல் அதற்குள் ஆட்டோவைக் கொண்டுவந்துவிட்டார். ஜெசிந்தா அப்போதும், "ஓவன்ல ஒரு ஈடு கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்றாள். "நான் பாத்துக்கறேன், போங்க" என்றேன். முன்பின் தெரியாத வீட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

மக்ரூன் எப்போது வேகும் என்று எனக்கு என்ன தெரியும்? கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்சம் சிவந்ததும் எடுத்தேன், ஓரத்தில் சிலது கருகிவிட்டது. தரையைக் கூட்டினேன். பெட்டிகளை மடக்கி, ஆறிய மக்ரூனை ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஒன்றுகூட உடையவில்லை. 'உடையாத பெட்டி வேணும்' என்று மங்கை எழுதியிருந்தாளே, அந்தப் பெட்டி சரியாக வந்திருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை. யாருமில்லாத அந்த வீட்டில் வாய்விட்டு அழுதேன். காரியத்தன்றுகூட நான் அழவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பிப்ரவரி 14, புதன்

மிக்கேல் பேசினார். ஈசிஜியில் கோளாறு தெரிந்ததாம், திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்று சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். கோயிலிலிருந்து சாம்பலைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் நெற்றியில் பூசினார்களாம். "வேண்டிக்கிடுங்க" என்றார். எனக்கு யாரிடம் வேண்டுவது என்று தெரியவில்லை. மங்கை படத்தின் முன்னால் நின்றேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். பிழைத்துக்கொண்டாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவுதானா, ஒரு ஆட்டோவும் ஒரு ஆஸ்பத்திரியும்தானா, என்று நாள் முழுக்க மனசு அரற்றிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவுதான் என்றால் மங்கைக்கும் செய்திருக்கலாமே.

பிப்ரவரி 18, ஞாயிறு

நிறைமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "எனக்கும் ஒரு மெசேஜ் அம்மாவா போட்டிருக்கலாம்லப்பா" என்றாள். இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதோம்.

அப்புறம் என் போனிலிருந்து எல்லோருக்கும் ஒரே செய்தி. 'நான் தனசேகர். மங்கையர்க்கரசியின் கணவர், கூட்டத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவன். அவர் ஜனவரி 12 அன்று இறந்துவிட்டார். அதன் பிறகு அவர் பெயரில் உங்களுக்கு எழுதியது நான். மன்னிக்கவும்.' ரோஜாப்பூ வைக்கவில்லை. அது அவளுடையது.

முறுக்குக்காரர் பதிலே போடவில்லை. ஒருவர் என்னை பிளாக் செய்துவிட்டார். சிரிக்காத மனுஷன் கை கூப்பினார். வத்தலக்குண்டு மீசைக்காரர் போனில் கூப்பிட்டு, "பாப்பாவ விசாரிச்சது நீங்களாங்க?" என்றார்.

"விசாரிக்கணும்னு எழுதி வச்சது அவ. கேட்டது நான்."

"நல்லா படிக்குதுங்க" என்றார். "பெட்டிய அனுப்பிவைங்க. இனிமே நீங்களே பேசுங்க."

பிப்ரவரி 21, புதன்

கேக் பெட்டி வத்தலக்குண்டுக்குப் போனது. பாண்டியம்மா சாம்பார் கொடுத்தாள். மிளகாய்ப்பொடி, நீல மூடி போட்ட டப்பாவில் இருந்தது.

மத்தியானம் மங்கையின் போன் சத்தம் கொடுத்தது. நாளை நம்பரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் ஒன்று. ஜெசிந்தா. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, என் நம்பருக்கு அனுப்பாமல் இதற்கு அனுப்பியிருக்கிறாள்.

'அக்கா, நான் டாக்டர்ட்ட போயிட்டு வந்துட்டேன். நீங்க மொதல்ல போயிட்டுச் சொல்லுதேன்னு சொன்னிய. நீங்க போகாட்டாலும் நான் போயிட்டேங்க்கா. வீட்டுக்கு வந்துட்டேன். படி ஏறக் கூடாதாம்.'

பழக்கத்தில் விரல் ரோஜாப்பூவுக்குப் போய்விட்டது. விரலை எடுத்துவிட்டேன். இது எனக்கு வந்த செய்தி இல்லை. நான் திறந்ததால் அந்தப் பக்கம் டிக் இரண்டும் நீலமாகியிருக்கும். ஜெசிந்தா அதைப் பார்த்திருப்பாள்.

போனை மங்கை படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.